பாட்டும் பந்தியும்

ஆவணி மாதத்தில் திருவாரூர்ச் சாலையில் நின்றால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். காவி வேஷ்டி, காவிப் புடவை, தோளில் சிறு மூட்டை. கூடவே மாதா படம் வைத்த வண்டி, அதில் ஒலிபெருக்கி. போன வருஷம் என்னோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் பெருமூச்சு விட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பம்.

"இவர்களாவது நடக்கிறார்கள், ஸார். எங்கள் கோயிலில் கீபோர்டும் டிரம்ஸும் வந்துவிட்டன. திரை கட்டிப் பாட்டு வரிகளைக் காட்டுகிறார்கள். கீர்த்தனைப் புஸ்தகத்தைத் தொடுவாரில்லை. பழைய வழக்கமெல்லாம் போயிற்று" என்றார்.

வருத்தம் நியாயமானதுதான். ஆனால் 'பழைய வழக்கம்' என்று சொன்னாரே, அது எந்த நாளில் பிறந்த பழமை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஒரு சிறு கோயில் எழுந்தது. அதில் பாடியவை ஜெர்மன் மெட்டுக்கள். சொல் மட்டுமே தமிழ். ஞானப்பாட்டு என்று பெயர். நண்பர் அழும் கீர்த்தனை நிலைபெற ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. அதற்குத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வரவேண்டியிருந்தது. (மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் அவர். இவர் அவருக்கு ஐம்பது வயது மூத்தவர்.)

சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறு பிள்ளையாகச் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் வந்தார். சரபோஜி மன்னரும் அந்த ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவரே. 1800-ஐ ஒட்டிச் சாஸ்திரியார் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி' ஒரு துணிச்சலான நூல். உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி மயங்குவதும், குறத்தி வந்து குறி சொல்வதும் குறவஞ்சியின் பழைய கட்டுக்கோப்பு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு தலைவியைத் தேவமோகினியாகவும், தலைவனைப் பெத்லகேம் நாதராகவும் ஆக்கிவிட்டார். குறத்தியாக வருவது விசுவாசம். சூரியனைச் சுற்றிப் பூமி ஓடுகிறது என்ற புது வானசாஸ்திரத்தையும் உள்ளே நுழைத்திருக்கிறார். சில இடங்களில் பாடம் நடத்துவது அதிகமாகிக் கவிதை மூச்சுத் திணறுகிறது. ஆனாலும் உபதேசத்துக்காகப் பூசிய தமிழ் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர் வளர்ந்த ஊரின் சங்கீதமே அவருக்குப் பேச்சு.

அதே காலத்தில் எங்கள் திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், வெள்ளைக்கார பாண்டு வாசித்த மெட்டுக்களை எடுத்து ஸம்ஸ்கிருதத்தில் தெய்வத்தைப் பாடிவைத்தார். கைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் நீண்டன. எந்த மெட்டு எந்த மதத்துக்கு என்று பட்டா போட்டுக்கொள்ளாத காலம் அது.

புதுமை செய்த அதே சாஸ்திரியார் பிற்காலத்தில் பழமைக்குக் காவலரானார். 1820-களில் புது மிஷனரிகள் வந்தார்கள். அவர்கள்மேல் அவர் வைத்த குற்றச்சாட்டுகள் முக்கியமாக நான்கு: பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், கலியாணம், சாவுகளில் பூவை விலக்குகிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் சங்கீதத்தையும் ஒதுக்குகிறார்கள், சாதிகளை ஒன்றாக உட்காரவைக்கிறார்கள்.

முதல் மூன்றில் என் மனம் அவர் பக்கமே. பழகிய வேத வசனத்தை மாற்றினால் ஜனங்களுக்கு நாக்கு இடறும். பூவை விலக்கச் சொன்னவருக்கு இந்தக் காவேரிக் கரையே தெரியாது. பாட்டைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

நான்காவதில் அவர் தவறினார். கோயிலில் வேளாளர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டவர்கள் மறுபக்கம். நற்கருணைப் பாத்திரமும் வேளாளருக்கு முதலில். இதை உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாத மரியாதை என்று அவர் வாதாடினார். கர்த்தருடைய பந்தி என்று பெயர் வைத்துவிட்டு அதில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரித்தால் அது எப்படி விசுவாசத்தைத் தொடாமல் போகும்? தம் மக்களின் மெட்டையும் மலரையும் காத்த அதே அன்புதான் அவர்களுடைய மேட்டிமையையும் காத்தது. அதனாலேயே அவரைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை; பாராட்டிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை.

1833-ல் பிஷப் டேனியல் வில்ஸன், கோயிலுக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள்.

கவனித்துப் பாருங்கள். பாட்டு விஷயத்தில் புது மிஷனரிகள் தோற்றார்கள், கீர்த்தனை நிலைத்தது. கத்தோலிக்கக் கோயில்களில் பல நூற்றாண்டு ஒலித்த லத்தீன், 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் ஆராதனை பற்றி முடிவு செய்தபின், சில ஆண்டுகளுக்குள் தமிழுக்கு வழிவிட்டது. பாட்டும் பாஷையும் இப்படி மாறிவிடுகின்றன. ஆனால் வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்த சுவர் இடிய 1910 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆளுக்கொரு கல்லறை என்று இன்றும் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பாட்டு மாறியதற்கு அழுகிறோம். இது மாறாததற்கு அவ்வளவாக யாரும் அழுவதில்லை.

புதுப் பாட்டுக்கள் பல எனக்கும் ருசிக்கவில்லை. ஒரே தாளம், சொல்லில் சாரமில்லை. கீர்த்தனையைச் சுருதி சுத்தமாகப் பாடிக் காட்டினால் இளைஞர்கள் கேட்பார்கள் என்றே நம்புகிறேன். அது நண்பரைப் போன்றவர்கள் செய்யவேண்டிய வேலை.

அன்று நண்பரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "உங்கள் தாத்தா காலத்தில் கோயிலில் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?"

"முன்னால், வலப் பக்கம்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"டிரம்ஸ் வாசிக்கிறானே, அந்தப் பையனுடைய தாத்தா?"

வண்டியின் பாட்டு தூரத்தில் தேய்ந்து மறையும்வரை அவர் பேசவில்லை. பிறகு, "கடைசியில், தரையில். இப்போது அவன் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான்" என்றார். "அவனுக்கு ஒரு கீர்த்தனை சொல்லிக் கொடுக்கலாம் போலிருக்கிறது."