பேய்க்கு நேரமுண்டு, வட்காவுக்கு நேரமில்லை

ஒருநாள் சுற்றுலாவைக் குறை சொல்வது எளிது. "ஓட்டமும் நடையுமாப் போனா என்னத்தைப் பார்க்க முடியும்?" என்று கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் ரசனை மிக்கவராகிவிடுவார். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து சித்தி, பெரியப்பா என்று ஒரு படை வந்து இறங்கும்போதெல்லாம் புனேயில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சு எழும். மாநகரப் பேருந்துக் கழகம் நடத்தும் ‘புனே தர்ஷன்’ பேருந்தில் ஏற்றிவிடுவதா, கார் பிடித்து நாமே கூட்டிப் போவதா? என் கட்சி பேருந்துதான். அதற்குக் குறைகள் உண்டு, பெரிய குறைகளே உண்டு. வேகம் அவற்றில் சேராது.

முதலில் பேருந்தின் பக்கத்து நியாயம். புனேயின் பழைய இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இல்லை. சனிவார் வாடாவும் லால் மஹாலும் பழைய பேட்டைகளுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. கேல்கர் அருங்காட்சியகம் சுக்ரவார் பேட்டையில். ஆகா கான் மாளிகையோ ஆற்றைத் தாண்டி நகர் சாலையில். சிந்தே சத்ரி வேறொரு திசையில், வானவடியில். மராத்தியும் இந்தியும் தெரியாத அறுபது வயது அம்மாள் ஒருவர் ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசி இந்த நான்கு மூலைகளையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது நடக்காத காரியம். பேருந்தில் ஒரு சீட்டு, ஒரு இருக்கை, மாலையில் ஏறிய இடத்திலேயே இறக்கம். வீட்டைவிட்டுத் தனியே கிளம்பிப் பழக்கமில்லாத பெண்களுக்கு வரலாற்றின் வாசல் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கிறது. மாற்றாகச் சொல்லப்படும் பாரம்பரிய நடைப்பயணம் அருமையானது. பேட்டைச் சந்துகளில் வாடா வீடுகளின் மர வேலைப்பாட்டை நின்று பார்க்கலாம். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், மொழியும் கைகொடுக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சனிவார் வாடாவுக்கு அரை மணி நேரம் போதும் என்பேன். 1730 ஜனவரியில் மராத்திய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவ் அடித்தளம் போட்டு, இரண்டே ஆண்டில் குடிபுகுந்த அரண்மனை அது. 1828-இல் பிடித்த தீ பல நாள் எரிந்து மாளிகையைத் தின்றுவிட்டது. இன்று மிஞ்சியிருப்பவை கோட்டைச் சுவரும், யானை மோதாமல் இருக்க இரும்பு முள் பதித்த டெல்லி வாசற்கதவும், உள்ளே கட்டட அடிமேடைகளும், தாமரை வடிவ நீரூற்றுத் தொட்டியும். ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்க எவ்வளவு நேரமாகும்? கேல்கர் அருங்காட்சியகத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு நேரம் தருவதுதான் அநியாயம். சிறுவயதில் இறந்துபோன மகன் ராஜாவின் நினைவாக, தினகர் கேல்கர் என்ற மூக்குக்கண்ணாடி வணிகர் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அந்தத் தொகுப்பில் உண்டு. ஒரு பகுதிதான் காட்சியில் இருக்கிறது. அதுவே அரை நாள் வேலை. பாக்குவெட்டியில் எத்தனை உருவங்கள், விளக்கில் எத்தனை வகை என்று நம் பெண்கள் தாமாக நின்றுவிடும் இடம் அது. தாம் புழங்கியறிந்த பொருள்கள் என்பதால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போய் ஹாரன் அடிப்பார்கள்.

நேரத்தை இடத்துக்கு இடம் சமமாகப் பங்கு போடுவது ஒரு பிழை. ஆனாலும் கால அட்டவணையைத் திருத்தினால் அது தீர்ந்துவிடும். அதைவிடக் கனமான பிழை, வழிகாட்டிகள் எந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

சனிவார் வாடா என்றதும் சொல்லப்படும் கதை பேய்க்கதை. 1773 ஆகஸ்ட் 30-ஆம் நாள், அப்போதுதான் பதினெட்டு வயது நிறைந்திருந்த பேஷ்வா நாராயணராவ் அரண்மனைக்குள்ளேயே காவலர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். சித்தப்பா ரகுநாதராவிடம் ஓடிப்போய், காப்பாற்றும்படி கதறினாராம். அந்தக் குரல் பௌர்ணமி இரவில் இன்னும் கேட்கிறதாம். "ராத்திரி நிஜமாவே கேட்குமா தம்பி?" என்று என்னிடம் கேட்காத விருந்தினர் குறைவு. கேட்கட்டும், பேய்க்கதை யாருக்குத்தான் பிடிக்காது! கதை அந்த அலறலோடு நின்றுவிடுவதுதான் என் வழக்கு.

ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததில்தான் சரக்கு இருக்கிறது. அரசவையின் தலைமை நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே அந்தக் கொலையை விசாரித்து, அப்போது ஆட்சியில் அமர்ந்திருந்த ரகுநாதராவே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிப் பதவியை விட்டு வெளியேறினார். மன்னனையே தேரா மன்னன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மரபில் வந்த நமக்கு இது பேயைவிடப் பிடிக்காதா? நாராயணராவின் மனைவிக்குப் பிறந்த கைக்குழந்தையைப் பேஷ்வாவாக்கி அமைச்சர் நானா பட்னவீஸ் முதலானோர் ஆட்சியைக் கையில் எடுத்தார்கள். விரட்டப்பட்ட ரகுநாதராவ் பம்பாய் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார்; 1775-இல் சூரத் உடன்படிக்கை. அவரைப் பேஷ்வா பீடத்தில் உட்கார வைக்க ஆங்கிலப் படை போர் காட் கணவாய் ஏறி வந்தது. புனேயை எட்டும் முன்பே திணறிப் பின்வாங்கி, 1779 ஜனவரியில் வட்காவ் என்ற ஊரில் மராத்தியரிடம் சிக்கி, அவர்கள் கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டது. அந்த வெற்றியில் முன்னின்ற தளபதி மகாத்ஜி சிந்தே.

அந்த மகாத்ஜியின் நினைவிடம்தான் சிந்தே சத்ரி. அவர் 1794-இல் இறந்ததும் வானவடியில்தான். காலையில் சனிவார் வாடாவில் ஒரு கொலையைக் கேட்ட அதே பயணிகள், சில மணி நேரம் கழித்து, அந்தக் கொலை கிளப்பிய போரை வென்றவரின் நினைவிடத்தில் நிற்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்வதில்லை. சத்ரியில் வண்ணக் கண்ணாடிச் சன்னலைக் காட்டுவார்கள், படம் எடுக்கச் சொல்வார்கள், பேருந்து கிளம்பிவிடும். மறுநாள் லோணாவளா சிக்கி வாங்கப் போகும் வழியில் வட்காவும் வந்து போகும். ஜன்னலோரம் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். பத்தே நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரே கதை மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சொல்ல ஒரு நிமிடம்கூடக் கூடுதல் பயண நேரம் தேவையில்லை. வேகத்தின் மேல் பழி போடுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

லால் மஹாலில் வேறுவிதமான சிக்கல். சிவாஜியின் தந்தை ஷாஹாஜி கட்டிய வீடு; 1663 ஏப்ரலில் இங்கே தங்கியிருந்த முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானை இரவில் புகுந்து தாக்கி, சிவாஜி அவன் விரல்களை வெட்டிய இடம். ஆனால் அந்த வீடு எப்போதோ அழிந்துவிட்டது. இப்போது நாம் நுழையும் சிவப்புக் கட்டடம் 1980-களில் மாநகராட்சி எழுப்பியது. இதைச் சொல்லிவிட்டால் மதிப்புப் போய்விடும் என்று வழிகாட்டிகள் பயப்படுகிறார்கள் போலும். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவிலும் இதே கூத்துதான். கப்பலில் காலையில் வந்து மாலையில் போகும் கூட்டம் வாய்பிளந்து பார்க்கும் பெருந்தலைவர் (கிராண்ட் மாஸ்டர்) அரண்மனை 1856-இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. இன்றிருப்பது பெரும்பாலும் 1930-களின் இறுதியில் இத்தாலிய ஆட்சி மீண்டும் எழுப்பியது. துறைமுக வாயிலைக் காட்டி, உலக அதிசயமான கதிரவன் சிலை இங்கேதான் கால் பரப்பி நின்றது என்பார்கள். அந்தச் சிலை கி.மு. 226-இல் நிலநடுக்கத்தில் விழுந்தது. அப்படிக் கால் பரப்பி நின்றிருக்கவே முடியாது என்பது அறிஞர் முடிவு. சுற்றுலாத் தொழில் எங்கும் வெற்றிடத்தைக் கண்டு அஞ்சுகிறது. ‘இல்லாமல் போனது’ என்பதும் வரலாறுதானே? 1980-களில் ஒரு நகரம் ஏன் தன் நாயகனின் குழந்தைப் பருவ வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ள விரும்பியது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அந்த ஷாஹாஜியின் இன்னொரு மகன் ஏகோஜிதான் தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவியவர் என்று ஒரு வரி சொன்னால் போதும், எங்கள் பெரியப்பா கட்டடத்தின் வயதையே மறந்துவிடுவார்.

பேருந்துச் சுற்றுலா தன் உச்சத்தைத் தொடுவது ஆகா கான் மாளிகையில். வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை அடுத்து 1942 ஆகஸ்டில் காந்தியை இங்கே அடைத்தார்கள். 1944 மே வரை இங்கேதான். வந்த ஒரு வாரத்துக்குள் ஆகஸ்ட் 15-ஆம் நாள் செயலர் மகாதேவ் தேசாய் இறந்தார். 1944 பிப்ரவரி 22-இல் கஸ்தூர்பா. இருவரின் சமாதிகளும் தோட்டத்தில் இருக்கின்றன. இங்கே வழிகாட்டி அதிகம் பேசுவதில்லை, பேசவும் வேண்டாம். பள்ளிப் பாடத்தில் படித்தது போதும். எந்த அவசரப் பயணியும் இங்கே குரலைத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

புனே தர்ஷன் பேருந்து போகாத இடம் கார்லாக் குகை. மாவட்டத்திலேயே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அதைத்தான் சொல்வேன். லோணாவளாச் சுற்றுலாவில் அணைக்கும் மலை முனைகளுக்கும் நடுவே அது இடைச்செருகலாக வரும். படியேறி வருகிறவர்களில் பெரும்பாலோர் குகை வாயிலருகே கோயில் கொண்டிருக்கும் ஏக்வீரா தேவிக்காக வரும் கோளி, ஆக்ரி மக்கள். ரசனைக்காரர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயண நிறுவனங்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மலைக்கு ஆள் வரவழைத்தது பக்திதான். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் குடைந்த, இந்தியாவின் மிகப்பெரிய குடைவரைச் சைத்தியம் (பௌத்த வழிபாட்டு மண்டபம்) அது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளம். கூரையில் பழைய மர வளைவுகள் இன்னும் நிற்கின்றன. தூண்களில் அவற்றைக் கொடையாகத் தந்தவர்கள் பெயர் பிராமியில் வெட்டப்பட்டிருக்கிறது. அவர்களில் பலர் தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த யவனர். தம்மன், சிஹதயன் என்று பெயரிலேயே உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டவர்கள். குடைவரையைச் செய்து முடித்தவன் வைஜயந்தி நகரத்துச் செட்டி பூதபாலன். நாவலந்தீவிலேயே சிறந்த குடைவரை இது என்று தானே கல்வெட்டில் எழுதி வைத்துக்கொண்டான். விளம்பரம் என்றாலும் பொய்யில்லை. வெளிநாட்டு வணிகரும் உள்நாட்டுச் செட்டியும் துறவியரும் சேர்ந்து ஒரு மண்டபத்தை உண்டாக்கியதைப் பெயரோடு படிக்கக் கிடைக்கும் இடம் அது. யவனர் என்றால் அரிக்கமேட்டோடு நிறுத்திக்கொள்ளும் நமக்கு இந்தத் தூண்கள் முன் ஐந்து நிமிடம் விளக்கம் கிடைத்தால் எவ்வளவோ. கிடைப்பது, "போட்டோ எடுத்துட்டீங்களா? கீழே சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

கூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கார்லாவும் லோணாவளாவும் இருக்கும் மாவள் பகுதிக்கு வரும் திரளுக்குக் கணக்கு வைப்பார் இல்லை. 2025 ஜூன் 15-இல் இந்திராயணி ஆற்றின் குண்ட்மளாவில் பழைய இரும்புப் பாலம் பயணிகள் பாரத்தில் இடிந்து நால்வர் இறந்தார்கள். கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்துவிட்டது. இங்கே ஓர் ஆற்றுப்பாலத்துக்குக்கூட அப்படி ஒரு வரம்பைக் காவல் காக்க ஆளில்லை.

அதே 2025-இன் ஜூலையில் மராத்தியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. புனே மாவட்டத்தின் சிவனேரி, ராஜ்கட், லோஹ்கட் மூன்றும் அதில் உண்டு. பன்னிரண்டில் ஒன்றுதான் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிறது: நம் செஞ்சி. சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயர் துரத்த, 1689-இல் அங்கே போய்ச் சேர்ந்து, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மராத்திய அரசை அங்கிருந்தே நடத்தினார். லோஹ்கட்டில் வழிகாட்டிகள் பயணிகளிடம் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். செஞ்சி இருக்கும் விழுப்புரம் என்றே பதில் வந்தாலும் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாசலைக் காட்டப் போய்விடுகிறார்கள்.