தீண்டப்படாத இளவரசி

அமீஷ் திரிபாதி ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளிவந்த நாவல், 'மெலூஹாவின் அமரர்கள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. நம்ம பசங்க நிறையப் பேர் விரும்பிப் படிக்கிறார்கள். "தீண்டாமைச் சட்டத்தையே சிவன் ரத்து பண்றான் தோழர், முற்போக்கான கதைதான்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சிந்துவெளியை மெலூஹா என்ற பேரரசாக்கி, திபெத்திலிருந்து வந்த குடித்தலைவனைச் சிவனாக்குகிறது நாவல். புராண மாயங்களுக்கு விஞ்ஞானக் காரணம் கற்பிப்பது அதன் உத்தி. வருணத்துக்கும் அப்படித்தான். பிறந்த பிள்ளைகளை அரசே வளர்த்து, தேர்வு வைத்து வருணம் பிரிக்கிறதாம். பிறப்பு போச்சு, வருணம் அப்படியே நிக்குது.

அங்கே விகர்மர் என்று ஒரு கூட்டம். முற்பிறவிப் பாவம் சுமப்பவர்கள்; தொட்டால் தீட்டு. சரி, நாம் யாருக்காகக் கண்ணீர்விட வேண்டியிருக்கிறது? சதிக்காக. அவள் யார்? சக்கரவர்த்தி தட்சனின் மகள்! அவளுக்குத் தீட்டு வந்தது பிள்ளை செத்துப் பிறந்ததால். செத்த மாடு தூக்கியதால் அல்ல, மலம் அள்ளியதால் அல்ல. தீண்டாமையிலிருந்து உழைப்பையும் நிலத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மூடநம்பிக்கை. அதை நல்ல தலைவன் ஒருத்தன் ஒரே வார்த்தையில் ஒழிச்சிடலாம். யாரும் ஒரு காணி நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். மொகஞ்சதாரோவின் சாக்கடைகளை உலகமே மெச்சுது. அதில் இறங்கினவன் யாரு? அந்தக் கேள்விக்கு இந்தக் கதையில் இடமில்லை.

இந்தத் தந்திரம் நமக்குப் புதுசா? மதுரை வீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைத் தூக்கிப்போனவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அவனைக் கதைப்பாடல் காசிராசன் மகனாக்கியது. 1956இல் வந்த படமும் அவனை ராசா வீட்டுப் பிள்ளையாகவே காட்டியது. கழுவேறிய காத்தவராயன் பார்வதி மகனானான். சாதி மீறலை ரசிக்கலாம். ஆனா மீறினவன் உடம்பில் ஓடுறது ஒசந்த ரத்தமா இருக்கணும். பழைய புராணத்திலிருந்து இன்றைய மிகுபுனைவு எடுத்துக்கொண்டது பாத்திரங்களை மட்டுமல்ல, இந்தச் சூதையும்தான்.

புராணத்தைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யில் வாமனன் கதையைத் தலைகீழாகப் படித்தார். பலி இந்த மண்ணின் அரசன், வாமனன் வந்தேறி. மூன்றடி மண் கேட்ட கதையில், மண் யாருடையது என்று கேட்டார். மிதிபட்டவன் பக்கம் நின்று படிப்பது அதுதான்.

மிகுபுனைவு எழுத வருகிற பிள்ளைகளே, எழுதுங்க. பூதம் வரட்டும், மலை பறக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் மட்டும் உங்க நாயகியை யாரோ ராசாவின் தொலைந்துபோன மகளாக்கிடாதீங்க. சேரியில் பிறந்தவளாகவே அவள் மலையைப் பெயர்க்கட்டும். "நம்புற மாதிரி இல்லையே" என்று எவனாவது சொன்னால், மலை பறப்பதை நம்பினவனுக்கு இது மட்டும் ஏன் நெஞ்சில் இறங்கலைன்னு கேளுங்க.