புதிய பதிப்பும் பழைய பொதிகளும்

புள்ளியியல் கணிப்புக்கென்றே அமைந்த மென்பொருள்களுள் ‘ஆர்’ என்பது தலைசிறந்த ஒன்று. நியூசிலாந்து ஆக்லாந்துப் பல்கலைக் கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இக்கருவி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பதால், ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணத்திலும் உள்ள சிறு பள்ளியும் பெரும் பல்கலைக் கழகமும் ஒரே கருவியைக் கையாள இயலுகிறது. இப்பெருமையை மறுப்பாரிலர்.

ஆயினும், பதிப்பு உயரும்போது பழைய பொதிகள் ஒத்துவராமற் போகின்றன. இதற்கு இருவகை மருந்து கூறப்படுகிறது. ‘எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பித்துவிடு’ என்பர் ஒரு சாரார். ‘ஓடுகிற கருவியைத் தொடாதே’ என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அரைகுறை மருந்தே என்பது எமது துணிபு.

பேக்கேஜ் எனப்படும் பொதி யாது? ஆர் என்பதைப் பாடநூல் எனக் கொண்டால், பொதி என்பது அதனையொட்டிப் பிறர் எழுதிய பயிற்சி நூலாகும். 1983இல் வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டத்திற்கு எழுதிய பயிற்சி நூலை, 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். வந்தபின் மாணவன் கையிற் கொடுத்தால் என்னாகும்? நூலில் பிழையில்லை, அது சார்ந்து நின்ற பாடநூலே மாறிவிட்டது. பொதியின் நிலையும் அஃதே.

பதிப்பெண்ணிலுள்ள மூன்று இலக்கங்களுள் கடைசி இலக்கம் மட்டும் மாறினால் பொதிகள் பெரும்பாலும் அப்படியே இயங்கும். நடு இலக்கம் மாறினால் பொதிகளுக்குப் புதியதொரு கோப்புறை பிறக்கிறது. பழைய பொதிகள் அழியவில்லை. பழைய கோப்புறையிலேயே கிடக்கின்றன. இதனை அறியாதார், பொதிகளெல்லாம் காணாமற் போயின என்று கலங்குவர். வேறு சிலர் பழைய கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் புதியதனுள் வைப்பர். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பு, தனக்கு முன்னர் நிறுவப்பட்ட பொதிகளை ஏற்க மறுத்து, மீண்டும் நிறுவுமாறு பணித்தது. இதனைக் குறையெனச் சொல்வாருளர். எமக்கு அது நிறையாகவே தோன்றுகிறது. வாய்விட்டு மறுக்கும் கருவி எவரையும் ஏமாற்றுவதில்லை.

தமிழர்க்கு முதன்மையானது 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பாகும். அதற்கு முன்பு விண்டோஸ் கணினியில் மாணவர் பெயரைத் தமிழில் இட்டால், பல வேளைகளில் எழுத்துக்கு மாறாகக் கூரடைப்புக்குள் யூனிகோடு எண்களே அணிவகுக்கும். அப்பதிப்பு விண்டோஸிலும் யூ.டி.எஃப்.-8 முறையைத் தன் இயல்பான எழுத்துமுறையாக ஏற்றது. ஆனால் இதன்பொருட்டுப் பொதிகளைக் கட்டும் அடிப்படை நூலகமே மாற்றப்பட்டதால், சி, சி++ மொழிகளில் எழுதிய பகுதிகளையுடைய பழைய பொதிகளைப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. 32 பிட் விண்டோஸுக்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்புக்கு முந்தியவற்றில் இப்புதிய எழுத்துமுறைப் பயன் கிட்டாது. பழைய கணினியையே நம்பியுள்ள பள்ளிக்கு இவை சிறு இழப்புகளல்ல. எனினும், ‘தொடாதே’ என்னும் கொள்கையைப் பற்றிக்கொண்டிருந்தால், தமிழ்ப்பெயர் தமிழில் தோன்றும் நன்மையை நாம் பெறாமலே போயிருப்போம்.

இனி, ‘ஒருசேரப் புதுப்பி’ என்பாரின் குறையைக் காண்போம். அவர்கள் பொதிகள் இயங்குகின்றனவா என்று மட்டுமே நோக்குவர். விடை மாறியதா என்று நோக்குவதில்லை. 4.0.0க்கு முன்னர், எழுத்துக் கலந்த நிரலைக் கருவி தானே வகைப்பிரிவாக மாற்றிவிடும். நால்வர் மதிப்பெண் நிரலில் 45, 72, 88 என்பனவும், தேர்வுக்கு வாராதவனுக்கு ‘வரவில்லை’ என்னும் சொல்லும் உள்ளன எனக் கொள்வோம். இதனை எண்ணாக்கச் சொன்னால் பழைய பதிப்பு மதிப்பெண்களைத் தராது. 1 முதல் 4 வரையுள்ள வகைவரிசை எண்களைத் தந்து, சராசரி 2.5 என்று அமைதியாகச் சொல்லிவிடும். புதிய பதிப்போ அச்சொல்லை வெற்றிடமாக்கி, எச்சரிக்கையும் தருகிறது. வெற்றிடத்தை நீக்கிக் கணக்கிட்டால் சராசரி 68.3 ஆகும். ஒரே கோப்பு, ஒரே கட்டளை, இருவேறு விடை!

2019இல் வந்த 3.6.0 பதிப்பில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. மாதிரி எடுக்கும் முறையில் இருந்த சிறு சமனின்மையை நீக்கினர். அது வேண்டிய திருத்தமே. ஆயினும், அதே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் முன்பு தெரிவான மாணவர் இப்போது தெரிவாவதில்லை. பழைய முறைக்குத் திரும்ப ‘ரவுண்டிங்’ என்னும் தெரிவு உண்டு. அறிந்தார்க்கே அது பயன்படும். சத்தமிட்டு முறியும் பொதியைவிட, சத்தமின்றி மாறும் விடையே அஞ்சத்தக்கது.

ஆகவே செய்யத்தக்க முறை வருமாறு: முதலில், உள்ள பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் பட்டியலாக எழுதி வைத்தல் வேண்டும். இரண்டாவதாக, பழைய ஆரை நீக்காமல் அதன் அருகிலேயே புதியதை நிறுவுக; விண்டோஸில் இரண்டும் ஒருங்கே இருக்கலாம். மூன்றாவதாக, கோப்புறையை நகலெடுக்காது, பட்டியலைக் கொண்டு ‘கிரான்’ களஞ்சியத்திலிருந்து பொதிகளைப் புதிதாக நிறுவுக. அங்கிருந்து விலக்கப்பட்ட பொதியின் மூலம் அதன் பழஞ்சேமிப்பில் கிடைக்கும். அதனைக் கட்டுவதற்கு ஆர் பதிப்புக்கேற்ற ‘ஆர்டூல்ஸ்’ தேவைப்படலாம். நான்காவதாக, ‘ரென்வ்’ என்னும் பொதியைக் கொண்டு ஒவ்வொரு பணிக்கும் உரிய பதிப்பெண்களைப் பூட்டி வைக்கலாம். இறுதியாக, பழைய கணக்கை இரு பதிப்பிலும் ஓட்டி விடைகளை ஒப்புநோக்குக. இவ்விறுதிப் படியே பெரும்பாலோர் விட்டுவிடுவது.

பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. இரண்டும் ஒன்றே எனக் குறித்து வையாத பதிவேட்டைப் பின்வருவோர் இரண்டு ஊர்களாகவே எண்ணுவர். பதிப்பெண் குறிக்காத கணக்கும் அத்தகையதே.

இதெல்லாம் பல்கலைக் கழகத்தார் கவலை என்று சொல்லிவிட முடியாது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், அதன் பழைய முடிவுகளை இனி எவரும் புதிதாக உண்டாக்கித் தரப்போவதில்லை. உள்ள கோப்புகளே சான்று. ஆயிரம் பேர் பயிலும் பள்ளியில் ஒருவன் எண் தவறினால் சராசரி அசையாது. நால்வர் பயிலும் தோட்டப் பள்ளி வகுப்பிலோ, ஒருவன் எண் தவறினால் வகுப்பின் மதிப்பே மாறிவிடும். சிறிய பள்ளிக்கே கணக்கின் நேர்மை பெரிதும் வேண்டும்.