காசிச்செட்டியின் இரு அட்டவணைகளும் உடப்பின் அம்பாவும்

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) ஆங்கிலத்தில் ஆக்கிய தொகுப்புகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. 1834இல் வெளிவந்த ‘சிலோன் கசற்றியர்’ ஊர்களையும், 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ புலவர்களையும் அகரவரிசைப்படுத்தின. 1970இல் எட்கர் கொட் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியின்படி இவற்றை இரு அட்டவணைகளாகக் கொண்டு வினவுவோமாயின், அவற்றின் சமூக அடிப்படை புலனாகும்.

வினா இது: புத்தளக் கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புலவர் எத்தனை பேர்? சிக்கலான வினவலை ஒருசேர எழுதலாகாது. முதலில், விடையின் ஒரு வரி எதனைக் குறிக்கும் எனத் தெளிதல் வேண்டும். இங்கு அது ஓர் ஊர். அடுத்து, கரையோர ஊர்களைப் பிரித்தல். பின்னர் புலவர் அட்டவணையை ஊர்ப்பெயரால் இணைத்தல். இறுதியில் ஊர்வாரியாகத் தொகுத்து எண்ணுதல். ஒவ்வொரு படியிலும் எஞ்சிய வரிகளைச் சரிபார்த்த பின்னரே மேற்செல்லல் தகும்.

இணைக்கும் படியிலேயே பெரும்பிழை நேர்கின்றது. உட்சேர்க்கை இரு அட்டவணைகளிலும் பொருந்துவனவற்றை மட்டுமே தரும். புலவர் பதியப்படாத ஊர் ஓசையின்றி மறையும். இடப்புறச் சேர்க்கை அவ்வூரை வெற்றுமதிப்புடன் காக்கும். எனினும், நூற்றாண்டு நிபந்தனையை இணைப்பின் பின் வடிகட்டியாக வைத்தால் அவ்வரி மீண்டும் விழுந்துவிடும். இணைப்பு நிபந்தனையிலேயே அதனைச் சேர்த்தல் வேண்டும். எண்ணும்போதும் வரிகளை விடுத்துப் புலவர் பெயர்களையே எண்ண வேண்டும். அன்றேல் வெற்றுவரியும் ஒன்றெனக் கணக்கில் ஏறும்.

இவ்வாறு காக்கப்பட்ட வரிகளுள் உடப்பு போன்ற மீனவர் ஊரொன்றுக்குச் சுழியம் விடையாக வருமாயின், அதன் பொருள் யாது? உடப்பில் கரைவலை இழுப்போரிடையே அம்பாப் பாடல் வழங்கி வந்துள்ளது. ஒருவர் எடுத்துப் பாட ஏனையோர் ஏற்றுப் பாடும் அப்பாட்டு, இழுவையின் தாளத்தோடு பிணைந்த கூட்டுழைப்பின் ஆக்கம். அதற்குத் தனியாசிரியர் பெயர் இல்லை. ஆகவே சுழியம் உணர்த்துவது பாட்டின் இன்மையை அன்று, பதிவின் இன்மையையே.

காசிச்செட்டியின் முன்னோடிப் பணி மதிக்கத்தக்கது. ஆயினும் தனிமனிதரை அலகாகக் கொண்ட அட்டவணையில் உழைக்கும் மக்களின் கூட்டுப் படைப்புக்கு இடமில்லை. வினவலைத் திருத்தினால் வெற்றிடம் தெரியவரும். அதனை நிரப்புவதற்குப் பாடல், தொழில், ஊர் என்னும் நிரல்களையுடைய வேறோர் அட்டவணை வேண்டும். நமது இலக்கிய வரலாறு பெரும்பாலும் உட்சேர்க்கையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விடுபட்ட வரிகளைத் தேடிச் சேர்ப்பது இன்றைய ஆய்வாளரின் கடன்.