ஏடு மறுத்தது, குருதி உரைத்தது!

மாந்தர் யாவரும் சமம் என்று முழங்கும் அமெரிக்க விடுதலைச் சாசனத்தை 1776இல் வரைந்தவர் தாமஸ் ஜெபர்சன். அவருக்கு வாழ்நாளில் உடைமையாயிருந்த அடிமைகளோ 600 பேருக்கு மேல்! அவர்களுள் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சனே தம் தந்தையென்று சாலியின் மகன் மாடிசன் 1873இல் எடுத்துரைத்தார். வரலாற்றாசிரியர் பலர் ஏற்றனரா? இல்லை! அடிமையின் வாய்மொழி சான்றாகுமா என்று ஒதுக்கினர்.

அந்த ஓரவஞ்சனையைக் கூண்டிலேற்றுகிறது, சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட் 1997இல் எழுதிய 'தாமஸ் ஜெபர்சனும் சாலி ஹெமிங்சும்' என்னும் ஆங்கில நூல். சொன்னவர் யார் என்று பாராது, சொன்னது என்ன என்று நிறுத்துப் பார்க்கிறார். அதுவே நூலின் உயர்வு.

மறு ஆண்டே மரபணு ஆய்வு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வது ஒய் குரோமோசோம். ஜெபர்சனுடைய பெரிய தந்தையின் வழிவந்த ஆண்களையும், சாலியின் இளைய மகன் ஈஸ்டனின் வழிவந்த ஆண் ஒருவரையும் ஒப்பிட்டனர். பொருந்தியது!

எனினும் குருதி குடும்பத்தைச் சுட்டியதேயன்றி, தாமஸ் என்று பெயர் சுட்டவில்லை. பெயர் சுட்டியவை மகனின் வாய்மொழியும், சாலி கருவுற்ற காலங்களில் ஜெபர்சன் மாண்டிசெல்லோ இல்லத்தில் இருந்தார் என்னும் குறிப்புகளுமே.

இன்று எச்சிலை ஆய்வுக்கு அனுப்பி, இணையத்தில் வம்ச மரம் வளர்ப்போர் பலர். மரபணுப் பொருத்தம் தடயமே, தீர்ப்பன்று. பிறர் வரைந்த மரத்தைப் படியெடுத்தால் பிழையும் உடன்வரும்.

குலப்பெருமை தேடுவோர்க்கு இது பொழுதுபோக்கு. தந்தை பெயர் மறுக்கப்பட்டோர்க்கோ, தோழர்களே, இது நீதி!