பூதவாதியும் புதிய இயற்பியலும்

பலவாகத் தோன்றுவனவற்றின் அடியில் ஒன்றைக் காண விழைவது மனித அறிவின் இயல்பு. சமயங்கள் அவ்விழைவினின்று பிறந்தன. மெய்ந்நூல்கள் அதனால் வளர்ந்தன. இன்று இயற்பியல் அவ்வழியிலேயே நடைபோடுகின்றது. விண்ணில் சுழலும் கோளையும் மரத்தினின்று வீழும் கனியையும் ஒரே விதி ஆள்கின்றது என்பதை நியூட்டன் 1687ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். மின்சாரம், காந்தம், ஒளி ஆகிய மூன்றும் ஒன்றன் வேறுபாடுகளே என்பதை மேக்சுவெல் 1865இல் வெளிவந்த தம் கட்டுரையால் விளக்கினார். ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரு கோட்பாட்டுள் அடக்கும் முயற்சியில் ஏறத்தாழ 30 ஆண்டுகளைச் செலவிட்ட ஐன்ஸ்டைன், அது கைகூடாமலே 1955இல் மறைந்தார். மின்காந்த விசையும் அணுக்கருவின் மென்விசையும் ஒன்றே எனக் காட்டிய கிளாசோ, சலாம், வைன்பெர்க் ஆகிய மூவரும் 1979ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். வல்விசையையும் ஈர்ப்பையும் இவற்றோடு சேர்த்து ஒரே கோட்பாடாக்கும் பணி இன்னும் நிறைவுறவில்லை.

அப்பணி நிறைவுறும் நாள் ஒன்று வரும் என்றே கொள்வோம். அன்று எல்லாம் விளக்கப்பட்டுவிடுமா? அக்கோட்பாட்டை எழுதிய அறிஞனின் உணர்வும் அதனுள் அடங்குமா? ஈண்டு உணர்வு என்பது மகிழ்ச்சி, துயரம் முதலியவற்றை மட்டும் குறிப்பதன்று. காண்பதையும் கேட்பதையும் ‘யான் அறிகின்றேன்’ என்று அறியும் விழிப்பையே குறிக்கின்றது. இவ்வினாவை மேனாட்டார் அண்மையில் எழுப்பிய புதுமை என எண்ணுவோர் உளர். தமிழில் அதற்குத் தொன்மையான ஏடு ஒன்று உண்டு. அது மணிமேகலையின் 27ஆம் காதையாகிய ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ ஆகும்.

வேற்றுருக் கொண்டு வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை, அங்குள்ள சமயவாதிகளை ஒருவர் பின் ஒருவராக அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி முதலாகப் பதின்மர் பேசுகின்றனர். இறுதியில் பேசுபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் பிறவும் கூடியவிடத்து மதுவின் மயக்கம் பிறப்பது போல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கும் என்பது அவன் கொள்கை. கூட்டம் பிரிந்தால், பறையின் ஓசை தேய்ந்து மறைவது போல உணர்வும் கெடும். காட்சியன்றிக் கருத்தளவை அவனுக்கு உடன்பாடன்று, மறுமையும் இல்லை. சில அடிகளிலேயே முடிந்துவிடும் இப்பேச்சு, பொருள்முதற்கொள்கையின் முழு வடிவத்தையும் தன்னுள் கொண்டுள்ளது. பூதம் என்பதற்குப் பதிலாகத் துகள் என்றும் புலம் என்றும் எழுதிக்கொண்டால், இற்றை நாள் அறிஞர் பலர் தம் கருத்தாகவே இதனை ஏற்பர்.

இதன் வலிமையை மலேசியத் தமிழர் தம் வாழ்வினின்றே அறியலாம். இன்று வானளாவிய கட்டடங்களும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் சூழ விளங்கும் சுபாங் ஜெயா, 1970களின் நடுப்பகுதிவரை சீபீல்டு தோட்டத்தின் ரப்பர்க் காடாக இருந்தது. 1976இல் நகராக்கப் பணி தொடங்கியது. 2020இல் அது மாநகர்த் தகுதியையும் பெற்றது. அங்குப் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பூதவாதியின் உவமை அயலானதன்று. வாளியில் நீர்போல் ஓடிய பாலில் சிறிது அமிலம் சேர்ந்ததும், அது திரண்டு கட்டியாவதை அவர்கள் நாள்தோறும் கண்டனர். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்குவதாலேயே கூடாமல் மிதக்கின்றன. அமிலம் அம்மின்னூட்டத்தைத் தணித்ததும் அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. பாலில் இல்லாத கெட்டித் தன்மை எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு வேதியியல் எச்சமின்றி விடை தந்துவிடுகிறது. கட்டிக்குள் தனியாக ஓர் உயிர் புகுந்தது என்று எவரும் கூறவேண்டியதில்லை. உணர்வும் இத்தகையதே எனப் பூதவாதி கூறுவானாயின், அதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும், அவன் எடுத்துக்கொண்ட உவமை உறைந்த பால் அன்று; மது. இங்கேதான் நுணுகி நோக்கவேண்டிய இடம் உள்ளது. தோட்டத்துக் கள்ளுக்கடைப் பானையில் இனிப்பு நீர் புளித்தது. அதனுள் சாராயப் பொருள் உண்டாயிற்று. இது வேதியியலுக்குள் அடங்கும். ஆனால் மயக்கம் எங்கே உண்டாயிற்று? பானைக்குள் அன்று, குடித்தவனிடத்திலேயே. கள்ளுப்பானை எந்நாளும் தள்ளாடியதில்லை. முன்பே உணர்வுடைய ஒருவன் குடித்தால் அன்றி மயக்கம் என ஒன்று இல்லை. ஆகவே, உணர்வின் தோற்றத்தை விளக்க வந்த உவமை, உணர்வைத் தன்னுள் முன்கூட்டியே வைத்துக்கொண்டிருக்கிறது. பறையோசை உவமைக்கும் இக்குறை உண்டு. காற்றின் அதிர்வு பறையிலிருந்து எழுகிறது. ஆனால் அதனை ஓசையாகக் கேட்பதற்கு ஒரு செவியும், செவி வழிக் கேட்கும் ஒருவனும் வேண்டும். உறைந்த பாலை முழுதும் விளக்கிய முறை, மயக்கத்தையும் ஓசையையும் பாதிதான் விளக்குகிறது.

பூதவாதியும் இவ்விடரை உணர்ந்தவனாகவே தோன்றுகிறான். உணர்வுடைப் பூதம் என்றும் உணர்வில்லாப் பூதம் என்றும் அவன் இருவகை வகுத்து, அவ்வவற்றினின்று அவ்வவை பிறக்கும் என்கிறான். வெறும் சடப்பொருளினின்று உணர்வு பிறக்கும் என்பதோடு அவன் அமைதி கொள்ளவில்லை. மூலத்திலேயே உணர்வை வைத்துவிட்டான். பருப்பொருளின் அடிப்படையிலேயே உணர்வின் கூறு ஒன்று உண்டு எனக் கருதும் தத்துவவாணர் இன்றும் உளர். அவர்கள் சென்று சேர்ந்த இடமும் இதுவே. ஆனால் இது விளக்கமாகாது. விளக்கவேண்டியதை முதலிலேயே இருப்பாகக் கொள்வதாகும்.

இனி, மணிமேகலையின் மறுமொழி எத்தகையது? முற்பிறப்பை உணர்ந்தவளாதலின் அவள் பூதவாதியின் சொல் கேட்டு நகைக்கிறாள். தெய்வ மயக்கத்தாலும் கனவாலும் மனம் மாறுவதுண்டு என்று அவன் அதனைத் தள்ளுகிறான். அப்போது அவள், நின் தாய் தந்தையரைக் கருத்தளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று வினவுகிறாள். மிகக் கூரிய வினா அது. காட்சி ஒன்றே அளவை என்பானைத் தன் பிறப்பைப் பற்றியே பேச இயலாதவனாக்கி விடுகிறது. வகுப்பறைகளில் இவ்விடத்தை மணிமேகலையின் வெற்றி எனக் கூறி முடித்துவிடுவது வழக்கம்.

நடுநிலையோடு நோக்கின், வெற்றி பாதியே என்பது விளங்கும். அவள் வீழ்த்தியது அவனது அளவைக் கொள்கையை. மது உவமையை அவள் தொடவே இல்லை. இற்றைப் பூதவாதி கருத்தளவையை மறுப்பவன் அல்லன். மின்னணுவைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். கருத்தளவையே இயற்பியலின் உயிர்நாடி. எனவே தாய் தந்தையர் பற்றிய வினா அவனை அசைக்காது. சாத்தனார் ஏன் உவமையை விடையின்றி விட்டார்? காரணம் காவியத்தின் சமயத்திலேயே உள்ளது எனலாம். மணிமேகலை பௌத்தக் காவியம். பௌத்தம் நிலையான ஆன்மாவை ஏற்பதில்லை. உடலின் வேறாய் உயிர் என ஒன்று உண்டு எனக் கூறிப் பூதவாதியை மறுக்கும் வழி அவளுக்கு அடைபட்டிருந்தது.

உண்மையான மறுமொழி 27ஆம் காதையில் இல்லை. 30ஆம் காதையில் உள்ளது. அங்கு அறவண அடிகள் பன்னிரு சார்புகளை உரைக்கிறார். பேதைமையால் செய்கை, செய்கையால் உணர்வு, உணர்வால் அருவுரு எனத் தொடரும் அவ்வரிசையில், உள்ளமும் உடலுமாகிய அருவுருவுக்கு முன்னே உணர்வு நிற்கிறது. பூதவாதியோ உடலை முன்னும் உணர்வைப் பின்னும் வைத்தான். ஒரே காவியம் இருவேறு வரிசைகளை இரு முனைகளில் நிறுத்தியுள்ளது. இவ்விரு காதைகளையும் இணைத்துப் படிக்காதவர், வாதத்தின் பாதியையே படித்தவராவர்.

சைவ சித்தாந்தம் வேறு வழி செல்கிறது. மெய்கண்டார் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். ‘என் உடல்’ என்று கூறுவதால் உடலின் வேறான உடையவன் ஒருவன் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. சொல் வழக்கைக் கொண்டு மட்டும் இதனை நிறுவ முனைந்தால் இடர்ப்பாடு நேரும்; ‘என் உயிர்’ என்றும் உலகம் கூறுகிறதே! ஆனால் சித்தாந்தத்தின் வேறொரு கருத்து இவ்வாய்வுக்குப் பெரிதும் துணை செய்வது. மனம், புத்தி, அகங்காரம் ஆகியவற்றையும் அது சடமாகிய மாயையின் காரியங்களாகவே கொள்கிறது. எண்ணுதல், நினைவில் வைத்தல், தெரிதல் ஆகிய தொழில்களைச் சடத்தின் பக்கம் தள்ளிவிட்டு, அவற்றை அறிபவனை மட்டும் மறுபக்கம் நிறுத்துகிறது. கோடு உடலுக்கும் மனத்துக்கும் இடையே விழவில்லை. அறியப்படுவதற்கும் அறிபவனுக்கும் இடையே விழுகிறது.

இற்றை ஆய்வும் ஏறத்தாழ இக்கோட்டருகே வந்து நிற்கிறது. மயக்க மருந்து சில நொடிகளில் உணர்வை அணைத்துவிடுகிறது. தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எசு. இராமச்சந்திரன், கையிழந்தோர் சிலருக்கு இல்லாத கையில் தோன்றும் வலியைப் பற்றி 1990களில் ஆய்ந்தார். கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நலமுள்ள கையின் உருவை இழந்த கையின் இடத்தில் காணச் செய்தபோது, அவருள் சிலருக்கு வலி தணிந்தது. உணர்வு மூளையைச் சார்ந்தது என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டா. பூதவாதியின் பக்கத்தை மறைத்துப் பேசுவது அறமாகாது. எனினும், சார்ந்திருத்தல் வேறு. அதுவாகவே இருத்தல் வேறு. மூளையின் தொழில்களை எல்லாம் விளக்கிய பின்னும், அத்தொழில்களோடு ஏன் ஓர் அனுபவம் உடன் நிகழ்கிறது என்ற வினா எஞ்சும் என்று தாவீது சால்மர்சு 1995இல் எழுதினார். அதனை அவர் கடினச் சிக்கல் எனப் பெயரிட்டார். அதற்கு அனைவரும் ஒப்பிய விடை இன்றுவரை இல்லை.

எல்லாவற்றையும் அடிப்படை விதிகளுக்குள் ஒடுக்க முடிந்தாலும், அவ்விதிகளிலிருந்து தொடங்கி உலகை மீண்டும் கட்டி எழுப்ப முடியும் என்பது பெறப்படாது என இயற்பியலறிஞர் ஆண்டர்சன் 1972இல் வாதிட்டார். இயற்பியலுக்குள்ளிருந்தே எழுந்த எச்சரிக்கை இது. 1930ஆம் ஆண்டில் 19 வயது இளைஞராகக் கப்பலேறி இங்கிலாந்து சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அப்பயணத்தின்போதே வெண்குறுமீன்களின் நிறைக்கு எல்லை உண்டு எனக் கணக்கிட்டார். கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. 1983இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. அக்கணக்கு விண்மீனைப் பற்றி உண்மையை உரைத்தது. அவ்வுண்மையை ஓர் இளைஞன் உணர்ந்துகொண்ட நிகழ்வைப் பற்றி அது ஒன்றும் உரைக்கவில்லை. அஃது அதன் குறையன்று. அதன் பணி வேறு. பொருள்கள் யாவும் எவற்றால் ஆயின என்ற வினாவுக்கு ஒருங்கிணைந்த கோட்பாடு விடை கூறலாம். அறிதல் என்றால் என்ன என்பது தனி வினா. முன்னதன் விடையே பின்னதற்கும் விடை என்பாரிடம் அதற்கான சான்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இவ்விடத்துத் தமிழ் எழுத்தாளரும் ஆசிரியரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டிய தவறு ஒன்று உண்டு. அறிவியல் விடை காணாத இடத்தைக் கண்டவுடன், அதனை நம் முன்னோர் முன்பே கண்டுவிட்டனர் என மகிழ்வதே அத்தவறு. மெய்கண்டார் மூளை நரம்புகளை ஆய்ந்தவர் அல்லர். சாத்தனார் அணுக்கருவைக் கண்டவர் அல்லர். அவர்கள் விட்டுச்சென்றது வாதிடும் ஒழுங்கு. மாற்றான் கருத்தை அவன் வலிமை குறையாமல் எடுத்துரைத்தல், உவமை எதுவரை செல்லும் என அளத்தல், அளவையின் எல்லையை உணர்தல் ஆகியவை அவ்வொழுங்கின் கூறுகள். அறிவியலின் வெற்றிடம் உயிர் உண்டு என்பதற்குச் சான்றாகாது. அறிவியலின் வெற்றி உயிர் இல்லை என்பதற்கும் சான்றாகாது.

சீபீல்டு தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் சுபாங் ஜெயாவில் இயங்குகிறது. இத்தகைய பள்ளிகளின் பிள்ளைகள் நாளை அருகிலுள்ள பல்கலைக்கழகங்களில் இயற்பியலும் மருத்துவமும் பயில்வர். தமிழ் வகுப்பில் பூதவாதியை எள்ளி நகையாடக் கற்றவர்கள், அறிவியல் வகுப்பில் அவனையே ஆசானாகக் கண்டு திகைப்பர். பின்னர் தமிழ் ஏட்டையே பயனற்றதென ஒதுக்குவர். அவ்விழப்பைத் தடுக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. பூதவாதியை முழுமையாகப் பேசவிடல் வேண்டும். அவனது மது உவமையை மாணவரே ஆய்ந்து, அது எங்கு நிற்கிறது, எங்கு வழுக்குகிறது எனக் காணச் செய்தல் வேண்டும். வஞ்சி நகரில் மணிமேகலை பதின்மரையும் இறுதிவரை கேட்டாள். அதன் பின்னரே நகைத்தாள். கேட்ட அப்பொறுமையே அக்காதை மாணவர்க்குத் தரும் முதற் பாடம்.