ஒரு நாட்குறிப்பும் உரோம ஆடைகளும்

அணிநலன் ஏதுமற்ற எழுத்து இலக்கியமாகுமா என்பது பழைய வினா. வார்சா நகர் யூதப் பேரவையின் தலைவராயிருந்த ஆதாம் செர்னியாகுவ் எழுதிய நாட்குறிப்பைப் படிக்கையில் அவ்வினா நம்முள் மீண்டும் எழுகின்றது. 1939 செப்டம்பர் 6இல் தொடங்கி 1942 ஜூலை 23இல் முடிவது அது.

செர்னியாகுவ் படிப்பால் பொறியாளர். காலை வெப்பநிலை, சென்றுவந்த அலுவலகங்கள், தம் தலைவலி என்று சுருக்கமாகக் குறித்துச் செல்வதே அவர் வழக்கம். உவமை இல்லை, புலம்பலும் அரிது. இதனை உணர்ச்சி வறண்ட எழுத்தென்று ஒதுக்குவாருமுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 1941 டிசம்பர் மாதப் பக்கங்களே அதற்குச் சான்று.

அவ்வாண்டு ஜூன் 22இல் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த ஜெர்மானியர், பனிக்காலத்துக்கு முன்பே வெற்றி கிட்டுமென்று நம்பினர். மாஸ்கோவை நெருங்கியபோது கடுங்குளிர் அவர்களை வளைத்துக்கொண்டது. தக்க உடையின்றிப் படைவீரரின் கைகால்கள் உறைந்தன. டிசம்பர் 20இல் கோயபல்ஸ் வானொலி வழியே மக்களிடம் உரோம ஆடைகளும் கம்பளிகளும் கேட்டார். ஜெர்மானியக் குடிமக்களுக்கு அது வேண்டுகோள். வார்சாவில் மதிலெழுப்பி அடைக்கப்பட்டிருந்த யூதர்களுக்கோ கட்டளை. ஒளித்து வைத்தால் மரண தண்டனை. கிறிஸ்து பிறப்பு நாள்களில் வந்த அக்கட்டளையை நிறைவேற்றும் பொறுப்பு செர்னியாகுவின் தலைமேல் விழுந்தது.

அவர் ஆணையைக் குறிக்கிறார். திரட்டிய ஆடைகளின் தொகையைக் குறிக்கிறார். காலை வெப்பநிலையையும் வழக்கம்போல் குறிக்கிறார். இவற்றை இணைத்துக் காட்டும் சொல் ஒன்றும் அவர் எழுதவில்லை. பட்டினியாலும் டைபஸ் காய்ச்சலாலும் நாள்தோறும் மக்கள் மடிந்த தெருக்களில், கழற்றிக் கொடுத்த ஒவ்வோர் அங்கிக்கும் ஈடாக ஒருவர் ஏற்ற குளிரை நாமே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னர், சிறைப்பட்ட யூதர்களை விடுவிக்க ஆட்டுத்தோல் அங்கிகளே விலையாகப் பேசப்படுகின்றன. அங்கே ஓர் எண் உயிரின் விலையாகிவிடுகிறது.

நூலின் குறையும் இங்கேதான் உள்ளது. ஆடையைக் கொடுத்தவர்களின் முகம் நமக்குத் தெரிவதில்லை. எல்லாம் தலைவரின் மேசையிலிருந்து காணும் காட்சியே. ஆயினும் அம்மேசைக்குரியவர் தமக்காக வாதாடவில்லை என்பதை நாம் மதிக்க வேண்டும்.

ஏழையிடம் அடகாகப் பெற்ற மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பித் தரவேண்டுமென்பது விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் தரும் சட்டம். அச்சட்டத்தை உலகுக்கு அளித்த மக்களிடமிருந்தே மேலாடைகள் பறிக்கப்பட்டன.

1942 ஜூலை 22இல், மக்களைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பும் பணி தொடங்கிற்று. அநாதைக் குழந்தைகளையேனும் காக்க முயன்று தோற்ற செர்னியாகுவ், மறுநாள் நஞ்சுண்டு மாண்டார். ஆடைகளை எண்ணிக் கொடுத்த கை, மனிதரை எண்ணிக் கொடுக்க மறுத்துவிட்டது. இதை அறிந்தபின் டிசம்பர் மாதப் பக்கங்களுக்குத் திரும்புவோர், அவ்வெண்களை வறண்டவை என்று சொல்லமாட்டார்கள்.